திருட்டா, உரிமையா, கடனா?

நம் இளைஞர் வகுப்புகளில் அறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரிய கேள்விகள்தான் முதலில் வரும். பொய், லஞ்சம், குடி, போதை. இவற்றில் யாருக்கும் குழப்பம் இல்லை. எல்லாம் தப்பு என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். ஆனால், நம் பிள்ளைகள் அன்றாடம் செய்கிற ஒரு சின்னக் காரியத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளின் கேம்களை எமுலேட்டர் போட்டுக் கணினியில் விளையாடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நான் சிரம்பானில் கணினி பழுது பார்க்கும் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் நடக்கும் சமய வகுப்புகளுக்கு உதவிக்குப் போகிறேன். அங்குள்ள வீடுகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா செம்பனைக் குலை வெட்டுவார். அண்ணன் செனவாங் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுவான். வீட்டில் யாரோ கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று இருக்கும். இன்றைய புதுக் கேம் எதுவும் அதில் ஓடாது. ஆனால் கேம் பாய் கேம் ஓடும், தங்கு தடையில்லாமல் ஓடும். அதனால்தான் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எமுலேட்டர் இவ்வளவு நெருக்கம்.

"அண்ணே, இது திருட்டா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அது சோம்பேறித்தனம். இல்லை என்று தட்டிக்கொடுத்தால் அது பொய். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் எமுலேட்டர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். நிண்டெண்டோவின் கேம் பாய் 1989இல் வந்தது. நான்கு பேட்டரி, 160க்கு 144 புள்ளி உள்ள சின்னத் திரை, வினாடிக்குச் சுமார் 42 லட்சம் துடிப்பு உள்ள ஒரு சிப். அதற்குப் பின் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து உலகம் முழுக்க 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. கேசட்டுக்குள் இருக்கும் நிரல் அந்தச் சிப்புக்கு மட்டுமே புரிகிற மொழியில் எழுதப்பட்டது. எமுலேட்டர் அந்த மொழியை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, நம் கணினிக்குப் புரியும்படி சொல்லித் தருகிறது. அதாவது, ஒரு துபாஷி வேலை. கேம் பாயைப் போல நடிக்கிற ஒரு மென்பொருள், அவ்வளவுதான். நம் பழைய மடிக்கணினி அந்தச் சிப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமானது என்பதால் அதற்கு இது பெரிய பாரமில்லை.

நம் வழக்கில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கூடு விட்டுக் கூடு பாய்தல். திருமூலர் கதை நமக்கெல்லாம் தெரியும். சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடந்தான். மாடுகள் கதறுவதைப் பார்த்த சிவயோகியார் அவன் உடலுக்குள் புகுந்து எழுந்தார், மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் ஊரில் சேர்த்தார். மூலனின் மனைவி வந்து அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிப் பொதுமடத்துக்குப் போய்விட்டார். இந்தக் கதையில் கூடு பாய்ந்ததை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. பாய்ந்த பிறகு மூலனுக்கு உரியதைத் தனக்கு உரியது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன். கூடு மாறியது கேள்வியே இல்லை. மாறிய பிறகு எதை 'என்னுடையது' என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி.

உலகச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. சோனியின் பிளேஸ்டேசன் கேம்களைக் கணினியில் ஓட வைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி வழக்குப் போட்டது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, சொந்தமாக எழுதிய மென்பொருள் குற்றமில்லை என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிளீம் என்ற இன்னொரு சிறிய நிறுவனமும் சோனியை எதிர்த்து நின்றது. நீதிமன்றத்தில் அதற்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 2001இல் கடையை மூடியது. நியாயம் பக்கத்தில் இருந்தும் நிலைக்க முடியவில்லை. 2024 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனமே தன் செயலிக் கடையில் பழைய கேம்களுக்கான எமுலேட்டர்களை அனுமதித்தது. ஆகவே, எமுலேட்டர் என்ற பெயரைக் கேட்டதும் களவு என்று முகம் சுளிக்கத் தேவையில்லை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. எமுலேட்டர் வெறும் கூடு. உயிர் வேண்டுமே! அதாவது கேசட்டில் உள்ள கேம், கோப்பாக வேண்டும். அதை 'ரோம்' என்கிறார்கள். சொந்தக் கேசட்டிலிருந்து அதற்கான கருவி வைத்து நாமே எடுக்கலாம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும், கணினி நிரலை முறையாக வாங்கியவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்த ஒரு காப்புப் பிரதி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் கேசட் இருக்கிறது? எல்லாரும் இணையத்திலிருந்து இறக்குகிறார்கள். விற்பனை நின்றுபோன கேமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அதன் உரிமை நின்றுபோகவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி நம் பிள்ளைகள் சொல்லும் நியாயங்கள். மூன்று உண்டு.

முதலாவது, "நம்மகிட்ட காசு இல்லண்ணே." கேட்கும்போது மனம் இளகுகிறது. அசல் கேசட் ஒன்று நூற்றுக்கணக்கான வெள்ளி விலை போன காலத்தில், அது தோட்டத்தில் பலருக்கும் பல நாள் கூலி. ஆனாலும் இந்த நியாயத்தை நான் ஏற்க மாட்டேன். ஏழைகள் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை, மரியாதை இருப்பதால்தான். 'நாம ஏழை, நமக்கு இது பரவாயில்லை' என்று சொல்லும்போது, பணக்காரனுக்கு ஒரு தர்மம், நமக்கு அதைவிட மட்டமான ஒரு தர்மம் என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். லயத்து வீட்டில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிகள் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்குவார்கள், சம்பளம் வந்ததும் அளந்து திருப்பிக் கொடுப்பார்கள். பசிக்கே அப்படி. விளையாட்டு பசியும் அல்ல. வேண்டும் என்ற ஆசை வேறு, இல்லாமல் வாழ முடியாது என்ற தேவை வேறு.

இரண்டாவது, "நிண்டெண்டோ பெரிய முதலாளிலா. நாம ஒருத்தர் எடுத்தா அவனுக்கு என்ன குறையப் போகுது?" குறையாது, உண்மைதான். 1889இல் கியோத்தோவில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த நிறுவனம் அது. நாம் இறக்கும் ஒரு கோப்பால் சாய்ந்துவிடாது. ஆனால் ஒரு கேமை உருவாக்குவது கட்டடமா, பெயர்ப்பலகையா? ஆட்கள்தானே. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமோன் கேம், சத்தோஷி தஜிரி தலைமையில் ஒரு சின்னக் குழு சுமார் ஆறு ஆண்டு உழைத்துச் செய்தது. உழைப்புக்குக் கூலி என்பது நம் சமூகத்துக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, எடை போடும் இடத்தில் நின்றவர்கள் நாம். எடையில் குறைத்தார்கள் என்ற மனக்குறை இன்றும் பெரியவர்கள் பேச்சில் வருகிறது. தன் உழைப்பை எடை குறைத்தவன்மேல் கோபப்படுகிற நாம், இன்னொருவன் உழைப்புக்கு எடையே போட வேண்டாம் என்று சொல்லலாமா?

திருக்குறளில் 29ஆம் அதிகாரம் கள்ளாமை. அதில் வள்ளுவர் பொருள் பெரிதா சிறிதா, உடையவன் பணக்காரனா ஏழையா என்று கணக்குப் பார்க்கவில்லை. மனத்தைப் பார்க்கிறார். அடுத்தவன் எப்போது அசருவான் என்று பார்த்துக் காத்திருக்கிற மனத்தில் அருளும் அன்பும் தங்காது என்கிறார். யாரும் பார்க்கவில்லை, பிடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எடுப்பதுதான் களவின் வேர். எடுத்த பொருள் எவ்வளவு என்பது பிறகு வரும் கணக்கு.

மூன்றாவது நியாயம்தான் என்னை யோசிக்க வைத்தது. "வாங்கலாம்னு பார்த்தா எங்கேயுமே விக்கலையே அண்ணே!" இது சும்மா சாக்கு இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று அது கண்டது. அதே 2023 மார்ச் 27ஆம் தேதி நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை மூடியது. அந்தக் கடையில் மட்டுமே விற்ற கேம்களை இனிமேல் எவ்வளவு காசு நீட்டினாலும் புதிதாக வாங்க முடியாது. பழைய கேசட்டை யாரிடமாவது 200, 300 வெள்ளிக்கு வாங்கினாலும், அதில் ஒரு காசுகூட அதைச் செய்தவருக்குப் போகாது. கேசட்டும் நிரந்தரம் இல்லை. பழைய போக்கிமோன் கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் நாம் சேமித்து வைத்த ஆட்டம் அத்தோடு போச்சு.

அழிந்துபோவது என்றால் என்ன என்று நெகிரி செம்பிலான் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பர் மரம் நின்ற நிலத்தில் இன்று சிரம்பான் 2 நகரம் நிற்கிறது. நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டம் போகும்போது நிலம் மட்டும் போகவில்லை. லயம் போனது, பால் கொட்டகை போனது, திடல் போனது, அந்தத் திடலில் ஆடிய ஆட்டங்களும் போயின. யாரோ ஒருவர் படம் எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உடையவனுக்கு வேண்டாம் என்று ஆன பொருள், அதை நேசித்தவனுக்கும் கிடைக்காமல் மண்ணாகிப் போவதில் என்ன தர்மம் இருக்கிறது?

நம் இலக்கியம் பிழைத்ததே பிரதி எடுத்ததால்தான். ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்குள் செல்லரித்துவிடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் எழுதியதால்தான் 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர முடிந்தது. அந்தப் பெயர் தெரியாத ஓலை எழுத்தாளர்களை நாம் திருடர்கள் என்றா சொல்கிறோம்?

அதே சமயம், ஓலை எழுதியவரோடு நம்மை ஒப்பிட்டுக்கொண்டு உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் கூடாது. அவர் ஆசிரியரின் பெயரை அழிக்கவில்லை. நூல் பிழைக்க வேண்டும் என்று எழுதினார். நாம் பெரும்பாலும் பொழுது போக வேண்டும் என்று இறக்குகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் எங்கும் விற்காத கேமை இறக்கி விளையாடுவதற்கு என்ன பெயர்? திருட்டு என்ற சொல் முழுதாகப் பொருந்தவில்லை. யாருடைய கூலியும் அதனால் நிற்கவில்லை. உரிமை என்ற சொல்லும் பொருந்தவில்லை. யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. நம் முன்னோர் இதற்கு நடுவே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்: கடன். தேவர் கடன், முனிவர் கடன், பிதிர்க் கடன் என்று மூன்று கடனோடு பிறக்கிறோம் என்கிறது நம் மரபு. இதில் முனிவர் கடன் என்பது நமக்கு முன்னால் அறிவைத் தேடி வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடன். அவர்களைத் தேடிப் போய்க் காசு கொடுக்க முடியாது. கற்று, காத்து, பெயர் சொல்லி, அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் அந்தக் கடன் தீரும். விற்பனையில் இல்லாத பழைய கேமை விளையாடுகிறவன் கடன்காரன் என்று நான் நினைக்கிறேன். சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இது சட்டத்திலிருந்து தப்பிக்க வழி இல்லை, நம் மனசாட்சிக்கு ஒரு கணக்குப் புத்தகம். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் வாங்கிய கடன், களவின் இன்னொரு பெயர்தான்.

கடனை எப்படித் தீர்ப்பது? 'மதர் 3' என்ற கேம் 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் வரவே இல்லை. ரசிகர்கள் சிலர் கூடி அதை மொழிபெயர்த்து 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் கேமைக் கொடுக்கவில்லை. தாங்கள் உழைத்த மொழிபெயர்ப்பை மட்டும் ஒட்டுக் கோப்பாகக் கொடுத்தார்கள். நிண்டெண்டோ கேட்டால் அந்த மொழிபெயர்ப்பைச் சும்மாவே தருகிறேன் என்று அதை முன்னின்று செய்தவர் பிற்பாடு அறிவித்தார். பிறர் உழைப்புக்கும் தன் உழைப்புக்கும் நடுவே கோடு போடத் தெரிந்த கை அது. நம் பாரதி விஷயத்தையும் பாருங்கள். அவர் பாடல்களை யார் வேண்டுமானாலும் பாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவில்லை. 1949இல் அன்றைய சென்னை அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றது, பிறகு அவற்றை மக்களுக்கே பொதுவாக்கியது. பொதுச்சொத்து ஆக்குவதற்கும் முறை உண்டு.

கடன் என்ற பேச்சுக்கே இடமில்லாத இடமும் உண்டு. கடையில் இன்று விற்கிற கேம். யூசு என்ற எமுலேட்டர், நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் கேம்களைக் கணினியில் ஓட வைத்தது. 2023இல் வந்த புதிய செல்டா கேம், வெளியீட்டு நாளுக்கு முன்பே கசிந்து 10 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது என்று நிண்டெண்டோ தன் வழக்கில் சொன்னது. 2024 மார்ச்சில் யூசுவை எழுதியவர்கள் 24 லட்சம் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அவர்களே நடத்திய 3டிஎஸ் எமுலேட்டரான சித்ராவும் அதோடு நின்றது. அதில் பழைய கேம்களைக் காப்பாற்ற நினைத்தவர்களும் இருந்தார்கள். கடையில் வரப்போகிற பொருளை முன்னாலேயே அள்ளிக்கொண்டவர்களின் அவசரத்துக்கு அவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

இன்னொன்று, வியாபாரம். ஆயிரக்கணக்கான பழைய கேம்களை ஒரு சின்ன அட்டையில் அடைத்து, 100, 150 வெள்ளிக்குக் கையடக்கக் கருவியாக விற்கிறார்கள். நம் பையன்கள் சிலரும் அட்டையில் கேம் ஏற்றிக் கொடுத்துப் பத்து, இருபது வெள்ளி வாங்குகிறார்கள். தம்பி, அந்தப் பத்து வெள்ளி யாருடைய வேர்வை? கடன் வாங்கிய அரிசியை மூட்டை கட்டிச் சந்தையில் விற்பவனைத் தோட்டத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தாத்தாவிடம் கேட்டுப் பார்.

இப்படி நான் பேசிக்கொண்டிருந்ததைவிட ஒரு சின்ன அனுபவம் வகுப்புக்கு அதிகமாகக் கற்றுக்கொடுத்தது. ஜிபி ஸ்டூடியோ என்று ஓர் இலவச மென்பொருள் 2019இல் வந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் அதில் கேம் பாய்க்கு ஒரு புதுக் கேம் செய்யலாம், எமுலேட்டரில் ஓட்டலாம். படிவம் இரண்டு படிக்கும் ஒரு தங்கச்சி இரண்டு மாதம் உட்கார்ந்து ஒன்று செய்தாள். மழை வருவதற்குள் செம்பனை உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும், நடுவில் பாம்பு வரும். கேம் பாய் படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனவை. அதற்குள் 'ஞ'வும் 'ணை'யும் எப்படி அடங்கும்? இரண்டு கட்டம் சேர்த்து ஒவ்வோர் எழுத்தாக அவளே வரைந்தாள்.

அடுத்த வாரமே அந்தக் கேம் பக்கத்துத் தோட்டம் வரை போய்விட்டது. ஆனால் முதல் திரையில் இருந்த அவள் பெயரை யாரோ எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டிருந்தார்கள். அதுவரை "ஒரு கோப்புதானே, அதுல என்ன திருட்டு" என்று வாதம் செய்த பையன்களே முதலில் கொதித்தார்கள். "அது அவ செஞ்சதுடா!" அவள் என்னவோ அமைதியாகத்தான் இருந்தாள். "எல்லாரும் விளையாடட்டும் அண்ணே. அதுக்குத்தானே செஞ்சேன். ஆனா என் பேரு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு கேமைச் செய்தவர் நம்மிடம் எதிர்பார்ப்பது காசு மட்டும் அல்ல. இதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறார். இணையத்தில் கோப்பாக வரும்போது அந்த ஆள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாதவரிடம் எடுப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைக்கப் பழகுவதைத்தான் நம் பெரியவர்கள் அறம் என்றார்கள்.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, எமுலேட்டரை அழிக்கச் சொல்ல மாட்டேன். கடையில் கிடைக்கிற கேம் என்றால் காசு சேர்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் பொறுங்கள். செய்தவர்களே இலவசமாகத் தரும் கேம்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். கிடைக்காத பழைய கேம் ஒன்றை விளையாடினால் அதைச் செய்தவர் யார் என்று பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அது என்றாவது மறுபடியும் விற்பனைக்கு வந்தால் முதல் ஆளாகப் போய்ப் பணத்தைக் கட்டுங்கள். அடுத்தவர் கேமை விற்று ஒரு காசும் பார்க்காதீர்கள். முடிந்தால், உங்கள் தோட்டத்தைப் பற்றி நீங்களே ஒன்று செய்து, உங்கள் பெயரைப் போட்டு, ஊருக்குக் கொடுங்கள். பட்ட கடனில் ஒரு பங்கு அதில் தீரும்.